திறப்பு விழா முடிந்த தளம்

எங்கள் தளத்தைத் திறந்து நாற்பத்து மூன்று நாளாகிவிட்டது. தேடுபொறியில் இன்னும் வரவில்லை. முதல் பக்கத்தை மட்டும் சொல்லவில்லை. நான் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தேன்.

தளத்தின் பெயர் ‘திருமலை விபரம்’. திருகோணமலை மாவட்டத்தில் யார் எங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம். படகு இயந்திரம் திருத்துபவர், கிணறு இறைப்பவர், அவசரத்துக்கு வரும் திரீவீல்காரர். அலுவலகம் உட்துறைமுக வீதியில் ஒரு மாடி அறை. முதலாளி ரிஷாத். தளத்தை அமைத்தவன் தர்சன். ஊர் ஊராகப் போய் விபரம் திரட்டி எழுதியவள் ஸல்ஹா. திறப்பு விழாவுக்குப் பிறகும் தளம் மேலே வராததால், அதை மேலே கொண்டுவர என்னை எடுத்தார்கள். நான் படித்தது தாவரவியல். மிச்சத்தை வீடியோ பார்த்துப் படித்தேன்.

படித்த எல்லாவற்றையும் செய்தேன். படங்களின் அளவைக் குறைத்தேன். தலைப்புகளை மாற்றினேன். கடைக்காரர்களைக் கெஞ்சி அவர்களுடைய முகநூல் பக்கங்களில் எங்கள் இணைப்பைப் போடச் செய்தேன். கெஞ்சுவது எனக்கு வராது. ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கு முன்னும் சொல்ல வேண்டியதைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ரிஷாத் தன் பங்குக்குக் கிண்ணியா, மூதூர், கட்டார் என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் வாட்ஸப்பில் இணைப்பை அனுப்பினார். காலையில் எழும்பினால் முதல் வேலையாகத் தளத்தைத் தேட வேண்டும் என்பது கட்டளை. “எங்களுக்கு உடன வருதே மச்சான்” என்று கட்டாரில் இருந்து பதில் வந்தது. அவர்கள் யாரும் தேடவில்லை. அனுப்பிய இணைப்பைத் தட்டினார்கள், அவ்வளவுதான். அதை நான் சொல்ல வாயெடுத்தபோது ரிஷாத் அடுத்த ஆளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவருடைய கதிரைக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. திறப்பு விழாப் படம். மடிகணினிக்குக் குறுக்கே ரிபன் கட்டியிருக்கிறது. பிரதம அதிதி பள்ளிக்கூட அதிபர் ஜவ்பர், ரிஷாத்தின் மாமனார், திரையில் இருக்கும் பெரிய சிவப்புப் பட்டனை அழுத்துகிறார். பக்கத்தில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான் அப்போது இங்கே இல்லை. குர்ஆன் கிராஅத் ஓதி, ரிபன் வெட்டி, ரோல்ஸ் கொடுத்துக் கல்யாணம் மாதிரி நடந்ததாம். அதிதி திறப்பதற்கு முன் வேறு யார் கண்ணிலும் தளம் பட்டுவிடக் கூடாது, அது மரியாதையில்லை என்று ரிஷாத் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்.

இன்று காலை வந்ததும் என்னைக் கேட்டார்.

“கீர்த்தனி, இண்டைக்கு எத்தினையாம் பக்கம்?”

“இன்னும் வரேல்ல, சேர்.”

“இவ்வளவு மெதுவாச் சொன்னா கூகிளுக்கு எப்பிடிக் கேக்கும்?” என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் ஸல்ஹாவைப் பார்த்தார். “கொழும்பில ஒரு கொம்பனியோட கதைச்சிட்டன். திங்கக்கிழமை நீ எழுதினது எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு அவங்கட மிசின் புதுசா எழுதித் தருமாம். ஒவ்வொரு வரியிலயும் திருகோணமலை எண்டு வருமாம்.”

“திருகோணமலைக்காரனுக்குத் தான் எங்க இரிக்கான் எண்டு வரிக்கு வரி சொல்லணுமா, நானா?” ஸல்ஹா அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

“உன்ட எழுத்து கூகிளுக்குப் பிடிக்கல்ல, தங்கச்சி. நாய் குரைக்கிறதெல்லாம் ஒரு தகவலா?”

“கடி வாங்கினது நான். அது தகவல்தான்.”

தர்சன் சிரித்தான். ரிஷாத் சிரிக்கவில்லை.

“அப்ப திங்கக்கிழமைல இருந்து எனக்கு என்ன வேல?” என்று ஸல்ஹா கேட்டாள்.

“பாப்பம்” என்று சொல்லிவிட்டு ரிஷாத் வெளியே போனார். அவர் ‘பாப்பம்’ என்றால் இல்லை என்று அர்த்தம். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

ஸல்ஹா ஒரு வருடம் பஸ்ஸில் அலைந்து எழுதியது அது. கிளிவெட்டிக்கு ஒரு நாள், இலங்கைத்துறைக்கு ஒரு நாள் என்று. நாய்க் கதை இராசதுரை என்பவருடையது. அவர் படகு இயந்திரம் திருத்துபவர். அவள் எழுதியிருந்தது இப்படி: ‘ஐஸ் கொம்பனிக்குப் பின் ஒழுங்கை. வலை காயும் கேற். கேற்றைத் தட்ட வேண்டாம், நாய்க்குக் கோபம் வரும். போனில் அழைக்கவும். வெள்ளி பின்னேரம் கோயிலில் நிற்பார்.’ இதை வைத்துக்கொண்டு அந்தச் சந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இங்கே வீட்டு இலக்கம் கேட்டு யாரும் போவதில்லை.

அவள் மேசையில் இருந்தபடி, அழிவதற்குள், திரையில் இருந்த தன் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போனில் படமெடுக்கத் தொடங்கினாள்.

“என்ன புள்ள அப்பிடிப் பாக்கிற?” என்றாள். “உங்கட கூகிளுக்கும் வாயில்ல. உனக்கும் வாயில்ல. நல்ல சோடி.”

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, யார் மீது என்று தெரியாமல்.

ஆய்வுகூடத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு பொருள் குறைவாக இருக்கிறதா, இல்லவே இல்லையா என்பதை முதலில் பிரித்துப் பார்ப்போம். இந்த அறையில் எல்லோரும் தளம் தேடல் முடிவுகளில் எங்கோ கீழே கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். நானும்தான். ‘கேற்றைத் தட்ட வேண்டாம், நாய்க்குக் கோபம் வரும்’ என்ற வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். அந்த வரி உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

ஒன்றும் வரவில்லை.

கீழே இருந்தால் இதற்காவது வந்திருக்கும். பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் குறியீடுகளைத் திறந்தேன். மேலேயே இருந்தது. இந்தப் பக்கத்தைச் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஒரு வரி. அடுத்த பக்கத்திலும் இருந்தது. எல்லாப் பக்கங்களிலும் இருந்தது. நான் வந்த நாளில் இருந்து பூட்டிய கதவுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸல்ஹா சாப்பாடு வாங்கக் கீழே போனதும் தர்சனிடம் காட்டினேன். அவன் முகம் வெளிறியது.

“ஐயோ. விழாவுக்கு முன்னம் ஆரும் பாக்கக் கூடாதெண்டு சேர் சொன்னவரெல்லே. அதுக்குப் போட்டனான். எடுக்க மறந்திட்டன்.”

“அப்ப அந்தப் பட்டன்?”

அவன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். நானும் படத்தைப் பார்த்தேன்.

“இப்பவே எடுத்து விடுறன்” என்றான். “ரெண்டு மூண்டு கிழமையில தன்ர பாட்டில வந்திடும். சேரிட்டச் சொல்லிப்போடாதீங்கோ, கீர்த்தனி. மாமனார் விசயம். என்னைத் துலைச்சுப்போடுவார்.”

“ஸல்ஹா?”

“அவ கெட்டிக்காரி. எங்கயும் பிழைச்சுக்கொள்ளுவா.”

அவன் தளத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒரு பெட்டியில் இருந்த சரி அடையாளத்தை எடுத்தான். மீண்டும் பார்த்தேன். வரி இல்லை. இவ்வளவுதான் வேலை. ஒரே ஒரு சொடுக்கு.

பின்னேரம் ரிஷாத் அஸர் தொழுதுவிட்டு வந்தார். கூடவே ஜவ்பர் அதிபரும் படியேறி வந்தார். நாங்கள் எழுந்து நின்றோம். அவர் தன் படத்துக்கு நேர் முன்னால் அமர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“நான் திறந்து வெச்ச சாமான் எப்பிடிப் போகுது, மகன்?”

“திறந்தது நல்லாத்தான் திறந்தீங்க, மாமா. உள்ள எழுதினதுதான் பிழை” என்றார் ரிஷாத். “இப்ப சரியாக்குவம். தர்சன், திங்கள் வரைக்கும் என்னத்துக்கு? இப்பவே அழி. மாமாவும் பாக்கட்டும்.”

தர்சன் என்னைப் பார்த்தான். பிறகு ஸல்ஹாவின் பதிவுகள் எல்லாவற்றையும் தெரிவுசெய்தான். திரை முழுக்க நீலமானது. ஸல்ஹா படமெடுப்பதை நிறுத்திவிட்டு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படமெடுக்க இன்னும் பாதியளவு மிச்சம் இருந்தது.

நான் எழுந்தேன். கதிரை பின்னால் இழுபட்டுக் கிறீச்சிட்டது.

“என்ன, கீர்த்தனி?”

சொன்னேன். என் காதுக்கே கேட்கவில்லை.

“விளங்கல்ல மகள்” என்றார் அதிபர். “சத்தமாச் சொல்லுங்க.”

தர்சன் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். அவனுடைய விரல் இன்னும் மவுஸில்தான் இருந்தது.

“அழிக்காதீங்கோ. ஸல்ஹா எழுதினதில ஒரு பிழையும் இல்ல. விழாவுக்கெண்டு தேடுபொறிக்குப் பூட்டின தளம் இண்டைக்கு மத்தியானம் வரைக்கும் பூட்டித்தான் கிடந்தது. அதிபர் சேர், நீங்கள் அண்டைக்கு அமத்தின பட்டன் வெறும் படம். அது ஒண்டையும் திறக்கேல்ல.”