கொடுமைக்காரச் சித்தி இல்லாத புத்தகம்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டுப் பிடித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் வீட்டுக்கு மேல்தளத்தில் தரையை உடைத்துப் புதுக் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். மண்டைக்குள் துளை போடுவது போன்ற சத்தம். எழுதுகிற காகிதங்களை அள்ளிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். பெரியவர்கள் பகுதியில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. குழந்தைகள் பகுதியில் மஞ்சள் நாற்காலி ஒன்று இருந்தது. மூன்று வயதுக்காரர்களை மனதில் வைத்துச் செய்தது. முழங்கால் இரண்டும் காதைத் தொட அதில் உட்கார்ந்திருந்தபோது, எனக்குப் பின்னால் ஒரு பெண் நூலகரிடம் மிக மெதுவாகக் கேட்டாள்.

"கொடுமைக்காரச் சித்தி இல்லாத கதைப் புத்தகம் ஏதாவது இருக்குங்களா?"

நூலகர் என்னவோ கேட்க வாயெடுத்து, அதை விழுங்கிவிட்டு, "எத்தனை வயசுக் குழந்தைக்கு?" என்றார்.

"அஞ்சு. சித்தி நான்தான்."

என் காதில் விழுந்தது அவ்வளவுதான். திரும்பிப் பார்க்க எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. அதைக் கழற்றி வைப்பதற்குள் அவள் அலமாரிகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள். முகம்கூடத் தெரியாது. ஆகவே இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. நாற்காலி மட்டும் நிஜம்.

2

கதையைத் தொடங்கிப் பார்த்தேன்.

"சித்தி சிறுமியின் தலையை வாரிவிட்டாள். சீப்பு மெல்ல—"

நிறுத்திவிட்டேன். சித்தியின் கையில் சீப்பைக் கொடுத்ததுமே உங்களுக்கு மண்டை வலித்திருக்கும்.

"சித்தி பழத்தை நறுக்கித் தட்டில் வைத்துச் சிரித்தாள்." பழத்தில் எதையும் கலக்கவில்லை என்று நான் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். அந்தச் சிரிப்பை மட்டும் அடித்துப் பார்த்தேன். சிரிக்காத சித்தி இன்னும் மோசமாக இருந்தாள்.

"அவள் நல்லவள்." இது ஜாமீன் மனு மாதிரி இருக்கிறது.

மொழியும் ஒத்துழைக்க மறுக்கிறது. ஒரு தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால், 'எங்கள் பகுதியை மாற்றாந்தாய் மனப்பான்மையோடு நடத்துகிறார்கள்' என்று அறிக்கை விடுகிறார்கள். அடைப்பு எடுக்க வராதவர் ஒரு பொறியாளர். பழி வீட்டில் உட்கார்ந்து குழந்தைக்கு ஷூ மாட்டிவிடுகிற பெண்ணுக்கு.

ஆகவே தொடக்கம் என்று ஒன்று இல்லாமலே வீட்டுக்குள் நுழைகிறேன்.

3

அவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை இருட்டறையில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். இனி இவளுக்குக் கல்யாணம் இல்லை என்று வீட்டார் தலைமுழுகிய பிறகு, கண் பார்க்க வந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். எந்த வில்லையைப் போட்டாலும் "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான். அவனுடைய முதல் மனைவி, பெண் குழந்தைக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது நோயில் போய்விட்டாள். குழந்தைக்கு இப்போது ஐந்து வயது. ஆள் பொடிசு, பேச்சு காரம். அதனால் வீட்டில் மிளகு என்று கூப்பிடுவார்கள்.

மிளகு அவளை வெறுக்கவில்லை. [வெறுத்திருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும்.] ஒட்டி உட்காருவாள், மூக்கு ஒழுகினால் முகத்தை நீட்டுவாள். ஆனால் எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து சட்டைக் கையைப் பிடித்து இழுப்பாள். சில மாதங்களில் நம்மவளுடைய எல்லா உடைகளிலும் இடதுகை மட்டும் தொளதொளத்துப் போயிற்று.

சிக்கல் என்னவென்றால், 'சித்தி' என்ற இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. இறந்துபோனவளின் தங்கை இருக்கிறாள். வங்கியில் வேலை, ஞாயிறுதோறும் வருகை. அவள்தான் அசல் சித்தி. அந்த அசல் சித்தி புதிதாக வந்தவளை, வயதில் மூத்தவள் என்று "அக்கா" என்கிறாள். சித்திக்கு அக்கா என்றால் குழந்தைக்குப் பெரியம்மா. அப்பாவுக்கு இரண்டாவதாக வந்ததால் சின்னம்மா. ஒரே ஆள் பெரியம்மாவும் சின்னம்மாவுமாக இருப்பது எந்தக் குடும்பத்துக்கும் தாங்காது.

"ஆன்ட்டின்னு கூப்பிடட்டுமே," என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

"எதிர்வீட்டுக்காரங்களும் ஆன்ட்டிதான். நான் என்ன எதிர்வீடா?"

அவன் அதற்கும் "அதுவும் சரிதான்" என்றான்.

4

நூலகத்துக்குத் திரும்புவோம். வீட்டில் கிடந்த ஒரு கதைப் புத்தகத்தைப் படித்துக்காட்ட எடுத்தபோது மூன்றாம் பக்கத்திலேயே கதையில் ஒரு கொடுமைக்காரச் சித்தி வந்துவிட, இவள் விளக்கை அணைத்துவிட்டாள். அதனால்தான் நூலகத்துக்குப் போனது. அங்கே நூலகர் அவளிடம் ஒரு கேள்வி கேட்கிறார். "குழந்தைக்கு என்ன பிடிக்கும்?"

"பால் பிடிக்காதுங்க."

"பிடிச்சது?"

அவள் விழித்தாள். முட்டையில் மஞ்சள் ஆகாது, சாக்ஸில் சிவப்பு ஆகாது, காதில் தண்ணீர் ஆகாது. ஆகாதது அத்தனையும் அத்துப்படி. ஆகிறது ஒன்றுகூடத் தெரியவில்லை.

"அப்ப ரெண்டுலயும் எடுத்துட்டுப் போங்க," என்றார் நூலகர். "படக்கதை கொஞ்சம், நிஜ விஷயம் சொல்ற புத்தகம் கொஞ்சம். எதைத் திரும்பத் திரும்பக் கேக்குதோ அதை வெச்சுத் தெரிஞ்சுக்கலாம்." படக்கதைகளை அவரே புரட்டிச் சோதனை போட்டுக் கொடுத்தார். "இது கரடி. அம்மா இருக்கு, சித்தி கிடையாது. இது முயல். சொந்தக்காரங்களே கிடையாது."

வீட்டில் புத்தகங்களைக் கட்டிலில் பரப்பி, பழக்கதோஷத்தில், "இது தெளிவா, இது தெளிவா?" என்றாள். மிளகு கரடியைக் காட்டினாள்.

பனிமூட்டத்தில் குட்டிக் கரடி தொலைந்துபோகிறது. அம்மாக் கரடி தேடித் தேடிக் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்துவிடுகிறது. மிளகு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது நிஜமா?" என்றாள்.

"கதை."

"நிஜம் இல்லன்னா எதுக்கு எழுதினாங்க?"

[இந்தக் கேள்வி உண்மையில் என்னிடம் கேட்கப்பட்டது. எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். மேலே போவோம்.]

அன்றிலிருந்து நிஜப் புத்தகம்தான். மண் தோண்டும் இயந்திரங்கள். பல் ஏன் விழுகிறது. மண்புழு. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது. இந்தக் கடைசிப் புத்தகத்தை எத்தனை தடவை படித்தாள் என்றால், கடையில் ஒரு பெரியவரிடம் கண் சோதிக்கிற எழுத்துப் பலகையைக் காட்டி, "இதுல கழிவு எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டுவிட்டாள். ஒரு பேசும் முயல், ஒரே ஒரு பேசும் முயல் கிடைக்காதா என்று அவள் ஏங்கினாள். ஆனால் நிஜப் புத்தகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. மண்புழுவுக்குச் சித்தி கிடையாது.

5

கதைக்கு ஓர் எதிரி வேண்டுமே. அதற்காகத்தான் அசல் சித்தியைக் கொண்டுவந்திருந்தேன். கூர்மூக்கு, கறார் பேச்சு, வந்ததும் குழந்தையின் நகத்தைப் பார்க்கிற சோதனைப் பார்வை எல்லாம் கொடுத்துத் தயாராக வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்க விளிம்பு வைத்த தடித்த கதைப் புத்தகத்தோடு அவளை அனுப்பினேன்.

கூடத்தில் மிளகைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அசல் சித்தி உரக்கப் படித்தாள். சமையலறையில் நம்மவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு ராஜா. ராணி இல்லாம போனதும் அவர் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. அப்படி வந்த..."

குரல் நின்றது. வெங்காயம் நறுக்குகிற சத்தமும் நின்றது.

"வந்த?" என்றாள் மிளகு.

"வந்த... வீட்டு ஓனரம்மா ரொம்பப் பொல்லாதவங்க."

"ராஜா வாடகை வீட்லயா இருந்தாரு?"

"பின்ன? அரண்மனை என்ன சும்மாவா கிடைக்கும்?"

"அப்ப ராஜா ஓனரம்மாவையா கல்யாணம் பண்ணாரு?"

"சேச்சே. அது வேற ஆளு. அவங்க நல்லவங்க. வேலைக்குப் போயிருக்காங்க, இந்தக் கதையில வரமாட்டாங்க. இந்த ஓனரம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? ராஜகுமாரி குளிக்கிற நேரமாப் பார்த்துத் தண்ணி மோட்டாரை நிறுத்திட்டாங்க."

படத்தில் இருந்தது ஒரு கோபுரமும் பூட்டும். மிளகு படத்தைப் பார்த்துவிட்டு, "மோட்டார் ரூமா இது?" என்றாள். ஆமாம் என்றாள் அசல் சித்தி. அடுப்படியில் ஒருத்தி வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் தண்ணீர், வெங்காயத்தாலும் இருக்கலாம்.

கதை முடிந்ததும் அசல் சித்தி உள்ளே வந்தாள். "அக்கா, நான் உள்ள பார்க்காம வாங்கிட்டேன். அட்டை நல்லா இருந்துச்சு."

"பரவால்ல விடும்மா. கடைசியில ஓனரம்மா என்ன ஆனாங்க?"

"புத்தகத்துல எண்ணெய்க் கொப்பரையில போடறாங்க. நான் அட்வான்சைத் திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு முடிச்சுட்டேன்."

இருவரும் பாத்திரம் உருள்கிற மாதிரி சிரித்தார்கள். எனக்கு இருந்த ஒரே எதிரியும் போய்விட்டாள்.*

* யோசித்தால் நல்லதுதான். ஒரு சித்தியைக் காப்பாற்ற இன்னொரு சித்தியைக் கெட்டவளாக்கப் பார்த்தேன். எழுதுகிறவனுக்கும் மாற்றாந்தாய் மனப்பான்மை உண்டு.

6

எதிரி இல்லாத கதையில் ஆபத்து எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. நிஜப் புத்தகத்திலிருந்து.

கதைகளை மட்டுமே அவள் முன்கூட்டிப் புரட்டிப் பார்ப்பாள். நிஜ விஷயங்களில் பயப்பட என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள். ஒரு விடுமுறை மதியம். எங்கேயோ சிக்கிக்கொண்ட லிஃப்டை விடுவிக்க லிஃப்ட் மெக்கானிக் போயிருந்தான். மிளகு தானே நூலகத்தில் தேர்ந்தெடுத்த ஆக்டோபஸ் புத்தகத்தோடு அவள் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

தாய் ஆக்டோபஸ் பாறை இடுக்கில் முட்டைகளைத் தொங்கவிடுகிறது. இரை தேடப் போகாமல், ஒன்றும் சாப்பிடாமல், முட்டைகளின் மேல் தண்ணீரை ஊதிக்கொண்டே காவல் இருக்கிறது. குஞ்சுகள் பொரிக்கின்றன. அவளுடைய கண் ஒரு வரி முன்னே ஓடிற்று. கை இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பிற்று.

"ரெண்டு சேந்து வந்துருச்சு," என்றாள் மிளகு.

எழுத்துத் தெரியாத பிள்ளைகள் தாள்களை விட்டுவைப்பதில்லை. நம்மவள் பின்னால் திருப்பி, எழுத்துப் பலகையைப் படிக்கிற குரலில் படித்தாள். "குஞ்சுகள் வெளியே வந்த பிறகு தாய் ஆக்டோபஸ் இறந்துவிடும்."

[இங்கே மூன்று வாக்கியங்கள் இருந்தன. மூன்றும் ஈரமாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.]

மிளகு படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது நிஜப் புத்தகம்தானே?"

"நிஜப் புத்தகம்தான்."

"அப்ப குட்டிங்களை யாரு பார்த்துப்பாங்க?"

"யாரும் இல்லன்னு போட்டிருக்கு. அதுங்களே தண்ணியில மிதந்து போயிடுமாம்."

"சித்தி இல்லையா அதுக்கு?"

இருக்கிறாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அரண்மனைக்கு வாடகை கொடுத்த வீட்டில் ஆக்டோபஸுக்கு ஒரு சித்தி கிடைக்காதா? ஆனால் இந்தக் குழந்தை நம்புவது நிஜப் புத்தகங்களை மட்டும்தான். அதையும் கெடுத்துவிட்டால் பிறகு எதைப் படித்துக்காட்டுவது?

"இல்லடா. ஆக்டோபஸுக்குச் சித்தி கிடையாது."

மிளகு தாய் ஆக்டோபஸின் படத்தில் விரலை வைத்தாள். "பாவம்," என்றாள். பிறகு, "எனக்கு இருக்காங்க," என்றாள்.

இருக்காங்க. நம் மொழியின் மரியாதைப் பன்மையை நான் இதற்கு முன் இப்படிச் சபித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிற ஒருவரா? அவரும் சேர்த்து இன்னொருவருமா? ஒருவருக்கு மரியாதை கொடுத்தாலும் இருக்காங்க, இருவர் இருந்தாலும் இருக்காங்க. எந்தச் சித்தி என்று அவள் கேட்டிருக்கலாம். ஐந்து வயதுக்காரர்கள் பதில் சொல்லத் தயங்குவதே இல்லை. அதனால்தான் அவள் கேட்கவில்லை.

"அடுத்த பக்கம்," என்றாள் மிளகு.

அடுத்த பக்கத்தில் ஆக்டோபஸ் எப்படி மை பீய்ச்சுகிறது என்று இருந்தது. படித்தாள். குரல் நடுங்கிற்று. மை பீய்ச்சுவதில் நடுங்குவதற்கு ஒன்றுமே இல்லை.

7

இனி முடிவு.

(அ) அவள் குழந்தையை அள்ளி அணைத்துக்கொள்கிறாள். குழந்தை அந்தச் சொல்லைச் சொல்கிறது. பின்னணியில் மழை. — எனக்கே கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

(ஆ) பல வருடங்கள் கழித்து மிளகு பெரிய கடல் விஞ்ஞானியாகி, மேடையில் — இதை எழுதியது நானில்லை, காலையில் குடித்த காபி.

(இ) மறுநாள் காலை. லிஃப்ட் மெக்கானிக் வேலைக்குப் போய்விட்டான். மிளகு, இன்று முதல் தானே குளிக்கப் போவதாக அறிவித்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தண்ணீர் விழுகிறது, நிற்கிறது. அப்புறம் அமைதி. துண்டு வெளியே இருக்கிறது.

கதவைத் தாண்டிக் கையை நீட்டி யாரையும் இழுக்க முடியாது. கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

வெளியே அவள் துண்டோடு நிற்கிறாள். இடுக்கு வழியாக நீட்டிவிடலாம். நீட்டவில்லை, மூச்சையும் விடவில்லை. [இதைக் கொடுமை என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம்.] உள்ளே ஈரக் கால் மாற்றி மாற்றி நிற்கிற சத்தம். தொண்டையைச் செருமுகிற சத்தம்.

ஒரே ஒரு சொல்தான் பாக்கி. நாலைந்தை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் என் குரலாகவே இருந்தது. இது நான் எழுதுகிற சொல் இல்லை. நீங்கள் அந்தக் கதவுக்கு உள்பக்கம் நின்று, வாய்விட்டு ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். குழந்தைக்குக் குளிர்கிறது.