மாமனார் வாங்கித் தந்த கைவலை

நான் வீட்டோடு மாப்பிள்ளை. குஜோவில் ஆற்றங்கரை விடுதி நடத்தும் கென்சோவுக்கு ஒரே மகள். அந்த மிஹோவைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனேன். போன அன்றே என் குடும்பப் பெயர் கழன்று அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. மாமனாரை அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நானோ ஒன்பது வருடமாக அங்கே உட்கார்ந்து அயு மீனுக்கு உப்புத் தடவிச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். என் கை என்ஜின் பழகிய கை. இப்போது அதில் மீன் வாடைதான் வருகிறது.

தோபா துறைமுகத்தில் என் அண்ணன் படகு என்ஜின் பட்டறை வைத்திருக்கிறான். கூட்டாளியாக வந்துவிடு, கோடை முடிவதற்குள் பதில் சொல் என்று கூப்பிட்டிருந்தான். மிஹோ அப்போதே மூட்டை கட்டத் தயார். "ஆனா அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா அழுதுடுவேன்" என்றாள். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த மனிதர் என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சோறு வைப்பார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

இப்படி நான் விழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் அயு பருவம் தொடங்கி, மீன் பிடிக்க ஆறு திறக்கும் நாள் நெருங்கியது. என் பழைய கைவலை இற்றுப்போயிருந்தது. "வா மாப்பிள்ளே, ஹட்சுயோ கடைக்குப் போலாம்" என்று காரில் ஏறியவர், துணியில் சுற்றிய எதையோ மடியில் வைத்துக்கொண்டார். சூட்டுக்கோல். அதன் நுனியில் அந்த வீட்டுக் குறி.

"ஆயுசுக்கும் உழைக்கிற வலையா பாத்து எடு. பிடியில நம்ம குறியச் சுட்டுடலாம்."

குறி போட்ட வலையை இடுப்பில் செருகி ஆற்றில் இறங்கினால், அடுத்து அந்த வீட்டுக்கு நான்தான் என்று ஆறு முழுவதும் அறிவித்த மாதிரி. அதற்குப் பிறகு தோபா என்ற பேச்சே எடுக்க முடியாது. முன்னே போனால் முட்டுகிறது, பின்னே வந்தால் உதைக்கிறது.

ஹட்சுயோ அக்காவின் கடையில் நான்கு சுவரிலும் வலைதான். எங்கள் ஆற்றில் கைவலை சரியில்லாவிட்டால் பிழைப்பு இல்லை. உயிருள்ள ஒரு அயுவுக்கு மூக்கு வளையம் மாட்டித் தூண்டில் கயிற்றில் விடுவோம். என் இடத்துக்குள் வந்தவன் யார் என்று ஆற்று அயு அதை முட்ட வரும், முள்ளில் சிக்கும். இரண்டையும் ஒரே சுண்டில் தண்ணீரிலிருந்து பறக்கவிட்டு, காற்றிலேயே வலையில் ஏந்த வேண்டும். தவறினால் இரண்டும் போச்சு.

"நில்லுங்க மாப்பிள்ளே, போடறேன்!" ஹட்சுயோ அக்கா அடுப்புப் பானையிலிருந்து கொன்யாகு துண்டுகளை எடுத்து வீச ஆரம்பித்தாள். கிழங்கு மாவில் செய்த கட்டி, மீனைவிட வழுக்கும். ஒவ்வொரு வலையாக மாற்றி மாற்றி ஏந்தினேன்.

"ஒம்பது வருஷம் மாமனார் வீட்டுல ஏந்தின கை. எது தவறும்?" என்று அவளே சொல்லி அவளே சிரித்தாள்.

ஒரு வலை கையில் வந்ததுமே தெரிந்தது, இதுதான் என்று. காயா மரத்தில் கவையாகவே வளர்ந்த கிளை. அந்தக் கவையையே வளைத்து வட்டமாக்கியிருந்தார்கள். இரண்டு நுனியும் சேரும் ஒட்டு விரலால் தடவினாலும் தட்டுப்படவில்லை. கண்ணி ஒவ்வொன்றும் இறுக்கம். என் பேரன் காலத்திலும் உடையாது. அதனாலேயே அதைத் திரும்ப மாட்டினேன்.

மூலையில் இன்னொன்று தொங்கியது. இரண்டு துண்டை ஒட்டி, இடைவெளியில் பசையை அப்பி, மேலே பளபளவென்று வார்னிஷ். என் கோழைப் புத்தி கணக்குப் போட்டது. இது எப்படியும் சீக்கிரம் முறியும். முறிந்தால் குறியும் போகும். அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

"இது போதும்ப்பா."

மாமனார் அதை வாங்கி ஒட்டில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். கிறீச் என்றது.

"கடையிலேயே மட்டமானதா பாத்து எடுத்திருக்கே. நானும் இதத்தான் எடுத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"நானும் வந்த மாப்பிள்ளைதானே. மிஹோவோட அம்மா வீடு அது. ஒடைஞ்சதும் போயிடலாம்னு ஒரு சொத்த வலைய எடுத்தேன். குறியும் போட்டாங்க."

"ஒடையலையாப்பா?"

"ரெண்டாவது வருஷமே ஒடைஞ்சுது."

"அப்புறம்?"

"நானே ஒக்காந்து கட்டினேன்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வருஷா வருஷம் கட்டறேன். எங்க போகப் போறே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தோபா. அண்ணன் பட்டறை. மிஹோவும் வரா."

ஹட்சுயோ அக்கா எதுவும் கேட்காததுபோல் அடுப்பைக் கிளறினாள். சூட்டுக்கோலை அதற்குள் செருகி வைத்திருந்தாள், அது சிவந்திருந்தது. மாமனார் மட்டமான வலையை ஒரு கையிலும் காயா மர வலையை மறு கையிலும் எடுத்து என் முன் நீட்டினார்.

"இந்த மட்டமானதுன்னா குறி போட்டுடலாம், இங்கயே இரு. அந்தக் காயான்னா குறி கிடையாது, எடுத்துட்டுப் போ. தோபா பக்கமும் அயு ஓடற ஆறு இருக்கு."

போ என்று சொல்லமாட்டாரா என்று ஒன்பது வருடம் காத்திருந்த வார்த்தை. வந்துவிட்டது. இப்போது கால் எழவில்லை. சத்தம் போட்டிருந்தால், நன்றிகெட்டவனே என்று திட்டியிருந்தால், எவ்வளவு சுலபமாகக் கிளம்பியிருப்பேன்! கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கை மட்டும் காயா மரத்தின் பக்கம் போனது.

அவர் தலையாட்டினார். சூட்டுக்கோலை அடுப்பிலிருந்து எடுத்து, வாசலில் இருந்த மழைத் தொட்டியில் அவரே முக்கினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது.

ஹட்சுயோ அக்கா வலையைக் காகிதத்தில் சுற்றினாள். "இடுப்புக் கயிறு வேணுமா? வழுக்கி விழுந்தா வலை ஆத்தோட போயிடும்."

"வேணும்" என்றார் மாமனார்.

"எவ்வளவு நீளம்?"

அவர் துணியில் சூட்டுக்கோலைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இருக்கறதுலயே நீளமானதா குடு" என்றார்.