ஓய்வெடுக்க ஓடிப்போனவள்

சைக்கிள் ஓட்டுகிற நாட்களில் வீட்டில் என்னை யாரும் தொந்தரவு செய்வதில்லை. காலை ஐந்து மணிக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றால் என் மாமியாரே கதவைத் திறந்துவிடுவார். வினையெல்லாம் ஓய்வு நாளில்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி. எண்பது கிலோமீட்டர். முதல் நான்கு பேருக்குத்தான் அணியில் இடம். எனக்கு முப்பத்து மூன்று வயது; அடுத்த தேர்வு இரண்டு வருடம் கழித்து. போன மாதம் பயத்தில், ஓய்வு நாட்களிலும் கோச்சுக்குத் தெரியாமல் ஓட்டித் தொலைத்தேன். கேட்டபோது இல்லவே இல்லை என்று சாதித்தேன். அந்த வாரமே ஒரு ஏற்றத்தில் கால் இரண்டும் கல்லாகி, சின்னப் பெண்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். கோச் கத்தவில்லை. "உடம்பு ஓட்டும்போது தேறாதும்மா, படுக்கும்போதுதான் தேறும். இன்னொரு தடவை ஓய்வு நாள்ல ஓட்டினது தெரிஞ்சா, லிஸ்ட்ல உன் பேர் இருக்காது" என்றார்.

இன்று வியாழன். ஓய்வு. நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கும் விடுமுறை. காலை நீட்டிப் படுத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

"இன்னைக்கு நீ சும்மாதானே இருக்கே? வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் வர்றார், கூட நில்லு" என்றார் என் கணவர். நின்றேன். மறுபடி படுத்தேன்.

மாமியார் வந்தார். "இந்த அலமாரியை அந்தப் பக்கம் நகர்த்திடலாமா? உனக்குத்தான் கால்ல நல்ல பலமாச்சே."

"நான் ரெஸ்ட் எடுக்கணும் அத்தை."

"யாரு வேணாம்னா? வேலையை முடிச்சிட்டு எடு."

அலமாரியை நகர்த்திவிட்டு மூன்றாவது முறை படுத்தேன்; கண்ணை மூடுவதற்குள் அத்தை கூப்பிட, ஸ்டூலில் ஏறித் திரைச்சீலைகளைக் கழற்றினேன். அதற்குப் பிறகு லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று மூன்று மாடி இறங்கி, தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். தொடை வெடவெடவென்று ஆடியது. சே, இதற்கு மலையே ஏறியிருக்கலாம்!

பதினொரு மணிக்குப் பொறுமை போயே போய்விட்டது. ஜெர்சியை மாட்டிக்கொண்டு வந்து, "கோச் இன்னைக்கு நாலு மணி நேரம் ஓட்டச் சொல்லியிருக்கார்" என்று புளுகினேன். வீடே வழிவிட்டது. அத்தை பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

தெருமுனை திரும்பியதும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கிளினிக்குக்குப் போனேன். சாவி என்னிடம்தான் இருக்கும். பல் பிடுங்குகிற நாற்காலியை முழுக்கச் சாய்த்து, காலை உயர்த்தி வைத்துப் படுத்தேன். அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

இரண்டு மணிக்குக் கணவரின் போன். "ஜெர்சி நம்பர் குடுக்க உங்க கோச் வந்திருக்கார். நீ பதினோரு மணியிலேர்ந்து ஓட்டிட்டிருக்கேன்னு பெருமையா சொன்னேன். மனுஷனுக்கு முகமே செத்துப்போச்சு."

போச்சுடா என்று வீட்டுக்கு ஓடினேன்.

கோச் நம்பரைக் கையிலேயே வைத்திருந்தார். "எத்தனை கிலோமீட்டர்?"

"ஓட்டலை சார். கிளினிக்ல தூங்கினேன்."

"போன மாசமும் ஓட்டலைன்னுதான் சொன்னே. தூங்குறதுக்கு வீடு இல்லையா உனக்கு?"

சொன்னால் வெளியாள் முன்னால் வீட்டைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கைவிட்டுப் போகும். கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை சார். இந்த வீட்ல என்னால படுக்க முடியலை."

"கதை விடாதே" என்று எழுந்தார் கோச்.

"அவ பொய் சொல்லலைங்க." சமையலறை வாசலில் அத்தை. "மூணு தடவை படுத்தா. மூணாவது தடவை கண்ணை மூடக்கூட விடலை நான்."

கோச் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். நம்பரை மேசையில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை; கோபம்தான் வந்தது. "அப்போ தெரிஞ்சேதான் எழுப்பினீங்களா அத்தை?"

அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் பகல்ல படுத்து முப்பது வருஷம் ஆச்சு. நீ படுத்திருக்கிறதைப் பார்த்தா எனக்குத் தாங்கலை."

அதன் பிறகு அவரைத் திட்டக்கூட முடியவில்லை. எல்லாவற்றையும்விட அதுதான் எரிச்சலாக இருந்தது.