போன சூளையின் கணக்கு

1

இந்தக் கதை ஒரு டீக்கடைப் பேச்சில் பிறந்தது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு எதிரே, முழங்கை வரை காய்ந்த களிமண்ணோடு இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து சாவைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

"நூத்துக்கு எழுவத்தேழு பேரு அஞ்சு வருசம் தாண்டியும் இருக்காங்களாம்டா. டாக்டரம்மா சொல்லிச்சு."

"அப்ப மீதி இருவத்து மூணு பேரு எங்க? வேப்பூர்ல பஸ்ஸு மாறப் போயிருக்கானுவளா?"

முதலில் பேசியவர் சூளைக்காரர் கொளஞ்சிநாதன். அவருக்கு மூத்திரப்பையில் புற்றுநோய். கேட்டவர் சுப்புராயன், அச்சு வார்க்கிறவர், கூட்டாளி. இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நான் கேட்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: 'சூளையின் தீயைப் போலவே அவருக்குள்ளும் ஒரு தீ—'

வேண்டாம். சூளை முன்னால் நின்றவன் எவனும் இப்படிப் பேசமாட்டான். அவனுக்குத் தெரிந்தது வேர்வையும் கண் எரிச்சலும்தான்.

இன்னொரு தடவை: ஒரு காலை, பேட்டைக் கக்கூசில் அவருக்கு மூத்திரம் செம்மண் கரைத்த தண்ணீராகப் போனது. வலி இல்லை. வலிக்காததைப் போய் யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டார். பீடியையும் விடவில்லை.

இது நிற்கட்டும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. எழுபத்தேழு என்பது எல்லோரையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிய வெளிநாட்டுக் கணக்கு. நோய் பையின் உள்தோலோடு நின்றுவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டும். பைக்கு வெளியே பக்கத்தில் பரவினால் பாதிக்கும் கீழே. தூரத்து உறுப்புக்குப் போய்விட்டால் பத்துக்கும் கீழே. கதைக்குள் எண் வந்தால் வாசகர் ஓடிவிடுவார் என்பார்கள். ஓடாதீர்கள். கொளஞ்சிநாதனுக்கு எண்தான் கதை.)

3

அந்த நிறம் நிற்காமல் போகவே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனார். குழாய் விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு வாரம் ஒரு தடவை பைக்குள் மருந்து. என்ன மருந்து தெரியுமா? பிறந்த குழந்தைக்குத் தோளில் போடுகிற காசநோய்த் தடுப்பூசியில் இருக்கிறதே, அந்தக் கிருமி. பலம் குறைத்த அந்தக் கிருமி உள்ளே போய் உடம்பை உசுப்பிவிடுகிறது. உடம்பு தானே எழுந்து புற்றை அடிக்கிறது.

இதை எழுதும்போது கை நின்றுவிட்டது. என் தோளில் இருக்கும் தழும்பைத் தடவிப் பார்த்தேன். உங்களுக்கும் இருக்கும். தடவிப் பாருங்கள்.

பக்கத்துக் கட்டிலில் அதே நோயோடு பூவராகன். ஸ்ரீமுஷ்ணம் கோயில் மடப்பள்ளியில் சமைத்தவர். மருந்து எல்லாப் பக்கமும் படட்டும் என்று நர்ஸு புரண்டு படுக்கச் சொல்வாள்.

"என்ன கொளஞ்சி, ரெண்டு பக்கமும் வேகணும்னு திருப்பிப் போடறா?"

"சிரிக்க வைக்காதீங்க சாமி, மருந்து வெளிய வந்துரும்."

ஆடி மாதத்தில் பூவராகன் செத்துப்போனார்.

4

சூளைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு சூளைக்கும் இவ்வளவு ஒடசல் விழும் என்று மனசில் ஓர் அளவு வைத்திருப்பார்கள். கதவைத் திறந்ததும் முதல் அடுக்கிலேயே நிறைய உடைந்திருந்தால் முகம் தெளியும். 'ஒடசல் கழிஞ்சிபோச்சு, மீதி நல்லா வந்திருக்கும்.'

பூவராகனுக்காகக் கொளஞ்சிநாதன் தேம்பி அழுதார். அழுது முடித்து முகம் கழுவும்போது அந்தக் கணக்கு வந்தது. இருபத்து மூன்றில் ஒன்று கழிந்தது.

[இந்த இடத்தில் இவரைக் கொஞ்சம் நல்லவராக்கலாமா என்று சந்தேகம் வந்தது. ஆக்கவில்லை. பிழைக்க ஆசைப்படுகிறவன் இப்படித்தான் எண்ணுவான்.]

நோய் திரும்பியதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பைக்குள் கேமரா விட்டுப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அவர் போகவில்லை.

"இன்னிக்கு ஆஸ்பத்திரியாச்சே, இன்னும் குந்திக்கினு இருக்கற?" என்றாள் மனைவி வீரம்மாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல புள்ள. ஒடசலு கழிஞ்சிபோச்சு."

"நீ என்னா ஊறுகா ஜாடியா? கெளம்புய்யா!"

கிளம்பவில்லை. அதற்கடுத்த தடவையும் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார். பங்குனியில் மறுபடி செம்மண் தண்ணீர்.

5

டாக்டர் மைத்ரேயி திட்டவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டாள். அவர் தன் கணக்கைச் சொன்னார்.

"ஐயா, அந்த நூறு பேரும் உங்களுக்கு முன்னாடி வந்தவங்க. அவங்களை வருஷக்கணக்கா பாத்து எழுதினது அது. அதுல நீங்களும் இல்ல, பூவராகனும் இல்ல. அவர் போனதால உங்களுக்கு ஒண்ணும் கூடலை."

கொளஞ்சிநாதன் தரையைப் பார்த்தார். செத்தவரிடமிருந்து எதையோ எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர் போல இருந்தது முகம்.

"அப்ப அது போன சூளையோட கணக்கா?"

"அப்படி வச்சுக்குங்க."

"என் கணக்கு?"

"உள்ள பாத்தாத்தான் தெரியும்."

மரத்துப்போக மருந்து தடவிக் குழாயை உள்ளே விட்டாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். முதலில் இருட்டு. பிறகு வெளிச்சம். இளஞ்சிவப்பாக ஒரு சுவர் வளைந்து போனது. அதன்மேல் ஜாடிப் பூச்சில் விழும் மயிர்வெடிப்பு மாதிரி மெல்லிய ரத்த நாளங்கள். சூளைச் சுவரில் இருக்கும் ஓட்டையில் காலமெல்லாம் கண் வைத்துத் தீயின் நிறம் பார்த்தவர் அவர். தனக்குள் இப்படி ஓர் அறை இருப்பது தெரியாது.

சுவரின் ஓரத்தில் ஒரு சின்னத் துவாரம். அது திறந்து ஒரு பீச்சுப் பீச்சிவிட்டு மூடிக்கொண்டது.

"அது என்னாம்மா?"

"கிட்னியிலேருந்து மூத்திரம் இறங்குது."

"நான் ஒண்ணுமே பண்ணலியே!"

"நீங்க பண்ண வேணாம். அதுபாட்டுக்கு நடக்கும்."

"நான் தூங்கறப்பகூடவா?"

"தூங்கறப்பகூட."

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்று: சுவர் முழுக்கச் சுத்தம், ரத்தம் வேறு எதனாலோ வந்தது. இரண்டு: மூலையில் பாசி மாதிரி ஒரு கட்டி. மறுபடி சுரண்டல், மறுபடி மருந்து. திரும்பத் திரும்ப வருவது இந்த நோயின் குணம். வந்தும் பலர் வருடக்கணக்கில் வேலைக்குப் போய் வருகிறார்கள் என்பதும் உண்மை. மூன்று: அவர் வராமல் விட்ட மாதங்களில் அது சுவரைத் துளைத்து—

இதை முடிக்கமாட்டேன்.

பேட்டையில் சூளை ஆறுவதற்குள் கதவைத் திறக்கமாட்டார்கள். வெளிக்காற்று பட்டால் நல்ல ஜாடியும் வெடிக்கும். எப்படி வந்திருக்கிறது என்று யாரும் வாய்விட்டுக்கூடக் கேட்கமாட்டார்கள். கொளஞ்சிநாதனும் கேட்கவில்லை. கேமரா இன்னும் மூலை திரும்பவில்லை. திருப்புவதோ நிறுத்துவதோ, கை வாசிக்கிற உங்களுடையது. நான் இந்தப் பக்கமே நிற்கிறேன், அவர் தலைமாட்டில். அவர் கேட்டது வேறு.

"அது இன்னொருவாட்டி வருமாம்மா?"

"வரும். இருங்க."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் துவாரத்தையே பார்த்தபடி படுத்திருக்கிறார்.