விசை வச்ச வில்லு

நயா பைசா வந்த வருசம் எங்க வீட்டுக்காரரு உடையப்பன் தென்னைமரத்துல இருந்து விழுந்து, வலது தோள்பட்டை இறங்கிப்போச்சு. கை தலைக்கு மேல எந்திரிக்காது. வாய் மட்டும் எப்பவும்போல எந்திரிக்கும்.

எங்க ஊரு மாசி வேட்டையில வில்லும் கம்பும்தான், துப்பாக்கி ஆகாது. வேட்டைக்குப் போகாத ஆம்பள அன்னைக்குப் பொம்பளைகளோட உக்காந்து மசாலா அரைக்கணும். இவரு ரெண்டு வருசம் அரைச்சாரு. சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட நல்லாவே அரைச்சாரு. ஆனா அன்னைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டாரு. அதுதான் எனக்குத் தாங்கலை.

மூணாவது வருசம் திண்டுக்கல்லு போயி, பூட்டுப் பட்டறை சூசைராஜைப் பிடிச்சு ஒரு வில்லு செஞ்சுக்கிட்டு வந்துட்டாரு. கட்டைமேல குறுக்கால லாரி ஸ்பிரிங் பட்டை வச்சிருந்துச்சு. நாணை இழுத்துக் கொக்கியில மாட்டிட்டா அப்படியே நிக்கும். விசையை அமுக்குனா அம்பு போயிரும். தோளுக்கு வேலையே இல்லை.

சாவடியில கூட்டம் கூடுச்சு. வேட்டைக்குத் தலைவரு எங்கண்ணன் சுருளிவேலு. விசை இருந்தா அது துப்பாக்கிதான்னுச்சு அண்ணன். மருந்தும் இல்லை, சத்தமும் இல்லை, என்னா துப்பாக்கி மச்சான்னு இவரு கேட்டாரு. பாதிப்பேரு இவரு பக்கம் சாஞ்சுட்டாங்க. அதோட வாயை மூடியிருக்கலாம்ல? நாணை எப்படி ஏத்துறதுன்னு பாருங்கன்னு, வில்லைக் கீழ போட்டு மேல காலை வச்சு இழுத்துக் காட்டுனாரு மனுசன்.

சாஞ்சவங்களும் விலகிட்டாங்க. சாமி முன்னால வச்சுக் கும்பிடுற ஆயுதத்தை எவனாச்சும் மிதிப்பானா? எனக்கே பொசுக்குனு கோவம் வந்துருச்சு. கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

கால் படாம ஏத்துனா வரட்டும்னு அண்ணன் சொல்லிருச்சு. இவரால ஆகலை. இது யாராலயும் ஆகாதுன்னு காட்ட அண்ணனே வாங்கி இழுத்துச்சு. மூஞ்சி செவந்ததுதான் மிச்சம், நாணு அசையலை. எனக்குப் பொறுக்கலை. ஓரத்துல நின்னவ கூட்டத்துக்குள்ள போயி, கட்டையை வயித்துல முட்டுக்கொடுத்து, ரெண்டு கையாலயும் இழுத்துக் கொக்கியில மாட்டுனேன். தினம் நாப்பது குடம் தண்ணி எறைக்கிற கை. அண்ணன் வேட்டியைச் சரிபண்ற மாதிரி குனிஞ்சுக்கிருச்சு.

ஆனா காட்டுக்குப் பொம்பளை போகக்கூடாதே. கடைசியில, வீட்டுலயே ஏத்திக் கொடுத்து அனுப்பு, ஒரே ஒரு அம்புன்னு முடிவாச்சு.

வேட்டையன்னைக்கு விடியக்காலம் ஏத்திக் கொடுத்தேன். அம்பை மடியில சொருகிக்கிட்டு, எல்லாருக்கும் முன்னால நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போனாரு. நான் இவரு பங்குக்கும் சேத்து மசாலா அரைச்சேன். சந்தோசமாத்தான் அரைச்சேன்.

பொழுது சாய வந்தாரு. நாணு ஏத்துனபடியே இருந்துச்சு. முயலு கண்ணுலயே படலையாக்கும்னு கேட்டேன்.

"மூணு பாத்தேன். ஒண்ணு காலடியிலயே நின்னுச்சு."

"அப்புறம் ஏன் விடலை?"

முகம் கழுவிக்கிட்டே சொன்னாரு. "விட்டிருந்தா அதோட முடிஞ்சுச்சுல்ல மூக்காயி. மிச்சப் பொழுதெல்லாம் கட்டையைத் தூக்கிக்கிட்டு நான் சும்மால்ல நடக்கணும்."

எனக்குக் கேலி பண்ண நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, பண்ணலை. அடுத்த வருசமும் நான்தான் ஏத்திக் கொடுத்தேன். அப்பவும் அவரு விடலை.