பல் டாக்டர் பாதி படித்த நாவல்

அந்த நாவலில் வரும் பல் டாக்டர் தான்தான் என்று நம் பல் டாக்டர் முடிவு கட்டியபோது, அவர் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டியிருக்கவில்லை.

"இங்க பாரு. அடர்த்தியான புருவம். வேலை செய்யும்போது மெல்ல ஒரு பாட்டை முணுமுணுப்பாரு. கையை ரொம்ப நேரம் கழுவுவாரு. யாருன்னு தெரியுதா?" என்று புத்தகத்தை வரவேற்பு மேஜைமேல் வைத்தார்.

மேஜைக்குப் பின்னால் இருந்தது அவர் மனைவி. போனை எடுப்பது, டோக்கன் கொடுப்பது, கருவிகளைக் கழுவி அடுக்குவது, அழுகிற பிள்ளைகளைத் தாஜா செய்வது எல்லாம் அவள் பொறுப்பு. மருத்துவம் படித்தவள் இல்லை; ஆனாலும் வருகிறவர்கள் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எந்தப் பல் டாக்டருங்க கை கழுவ மாட்டாரு?" என்றாள்.

"எழுதினவரு நம்மகிட்ட வேர் சிகிச்சைக்கு வந்தவரு. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்துக்கிட்டு என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாரு. சும்மாவா பார்த்திருப்பாரு?"

அந்த நாற்காலியில் மல்லாந்து கிடப்பவன் வேறு எதைத்தான் பார்ப்பான் என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்தது. காலையிலிருந்து நின்று கால் கடுத்தது. விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் காத்திருப்போர் அறையில் பழைய பத்திரிகைகள் இருந்த இடத்தில் அந்த நாவலின் பிரதிகள் வந்து உட்கார்ந்தன. புருவத்தைப் பற்றிய வரிகளுக்குக் கீழே பச்சை மையில் கோடு. வந்தவர்களுக்கெல்லாம் ஒன்றைக் கையில் கொடுத்து, "நேரம் கிடைச்சா புரட்டுங்க, நமக்குத் தெரிஞ்சவரைப் பத்தித்தான்" என்பார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கதையில் வரும் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கமாட்டார். சின்னக் கண்ணாடியின் பிடியால் பல்லைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, "பல் பேசும், கேட்கத் தெரியணும்" என்பார். இவரும் தட்ட ஆரம்பித்தார். எக்ஸ்ரே கருவிமேல் துணி போர்த்தினார்.

ஒருநாள் பல் கட்ட வந்த ஒரு பெரியவர், "கதையில அவருக்குக் கல்யாணமே ஆகலையாமே டாக்டர்?" என்று கேட்டார்.

"அது மட்டும் கற்பனை," என்று சொல்லிச் சிரித்தார் டாக்டர்.

டாக்டரம்மாவுக்கு அது சுருக்கென்றது. கல்யாணமாகி இந்த மேஜைக்கு வந்து உட்கார்ந்தவள், முடி நரைத்த பிறகும் அங்கேயே இருக்கிறாள். கற்பனையில்கூட ஒரு மூலையில் இடம் இல்லையா? மதியம் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு பிரதியை எடுத்தாள். மனைவியாக இல்லாவிட்டாலும் ஒரு அக்காவாகவோ, பக்கத்து வீட்டுக்காரியாகவோ, மேஜைக்குப் பின்னால் டோக்கன் கொடுக்கிறவளாகவோ தான் எங்காவது தலைகாட்டமாட்டோமா என்று தேடித் தேடியே கடைசிப் பக்கம் வரை போய்விட்டாள்.

அவள் இல்லை. வேறொன்று இருந்தது. கதை பாதியைத் தாண்டியதும் அந்த டாக்டர் ஒருவனுடைய நல்ல பல்லைப் பிடுங்கிவிடுகிறார். வலியோடு திரும்பி வந்தவனிடம், "வேர் இருந்த இடம் ஆறணும், அதான் வலி" என்று சொல்லி அனுப்புகிறார். மறுபடியும் வருகிறான், மறுபடியும் அதையே சொல்கிறார். தாடையில் சீழ் கோத்து அவன் பிழைத்ததே பெரும்பாடு. கடைசியில் டாக்டர் ஆளில்லாத அறையில் கண்ணாடி முன் நின்று புருவத்தைச் சீவிக்கொண்டிருக்கிறார்.

இதைச் சொல்லத்தான் உள்ளே போனாள். அவர் யாருக்கோ முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனிடம் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்ததுதான் மிச்சம் என்று திரும்பி வந்து கருவிகளைக் கழுவினாள்.

சில நாள் கழித்து எதிர்த்தெருத் தையல்காரம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேலே இடப்பக்கம் வலி. எந்தப் பல் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் தட்டினார், காதைச் சாய்த்தார். கோரைப்பல் என்றார். ஊசி போட்டுப் பிடுங்கி, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை கிளினிக் திறப்பதற்கு முன்பே அவள் வாசலில் நின்றாள்.

"வலி அப்படியே இருக்கு சார்."

டாக்டர் அவளை உள்ளே உட்காரவைத்து வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "வேர் இருந்த இடம் ஆறணும். அதான் வலி."

மேஜையில் டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. ஓரெழுத்துப் பிசகவில்லை. அவருடைய புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த காகிதம் இன்னும் நாற்பதாம் பக்கத்திலேயே இருப்பதைக் காலையில் தூசி தட்டும்போது பார்த்தவள் அவள். படித்துச் சொல்லவில்லை. அது அவருடைய சொந்த வார்த்தை.

எழுந்து உள்ளே போனாள். "எக்ஸ்ரே எடுத்துடலாங்க."

"தேவையில்ல. நீ போய் போனைப் பாரு."

"போன் அடிக்கல."

அவர் முறைத்தார். அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பும் இல்லை. கருவிமேல் இருந்த துணியை எடுத்து மடித்தாள். "எடுங்க. இல்லன்னா வேற டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

எடுத்தார். கோரைப்பல் இருந்த குழிக்கு அடுத்த பல், வெளியே வெள்ளையாக இருந்துகொண்டு, உள்ளே வேர் வரை சொத்தையாகிக் கிடந்தது. டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"என்ன சார்?"

"சில சமயம் என்னன்னா..." என்று தொடங்கினார். மனைவி நகராமல் நின்றாள். அவர் படத்தைக் கீழே வைத்தார். "தப்பு என்மேலதாம்மா. நல்ல பல்லை எடுத்துட்டேன்."

தையல்காரம்மா நாக்கால் அந்தக் குழியைத் தடவிப் பார்த்தாள். "நூல் கடிக்கிற பல்லு சார் அது," என்றாள்.  அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது டாக்டரம்மாவுக்கு.

சொத்தைப் பல்லுக்குச் சிகிச்சை செய்து, போன பல்லுக்குப் பதில் ஒன்று கட்டிக் கொடுத்தார். ஆனால் ஊர்ப்பட்ட ஜாக்கெட்டுகள் அவளிடம்தான் தைக்க வருகின்றன. அளவு கொடுக்க வந்தவர்கள் காதிலெல்லாம் கதை விழுந்தது. சிலர் மீதிப் புத்தகத்தையும் படித்திருந்தார்கள். கூட்டம் கரைந்தது.

அப்போதுதான் டாக்டர் நாவலை முழுக்கப் படித்தார். படித்துவிட்டுக் குதித்தார். "என்னைக் கேவலப்படுத்தி எழுதியிருக்கான். வக்கீல் நோட்டீஸ் விடப்போறேன்."

"தப்பு நடந்தது போன மாசங்க. புத்தகம் அதுக்கு முன்னாடியே வந்தது."

"அப்ப முன்கூட்டியே திட்டம் போட்டு எழுதியிருக்கான்."

நோட்டீஸ் விடுவதற்குள் அந்த எழுத்தாளரே வந்துவிட்டார். எதையோ கடித்து முன்பல் ஓரம் உடைந்திருந்தது. அகற்றுவதற்காக மேஜைமேல் அடுக்கி வைத்திருந்த தன் புத்தகங்களைக் கண்டதும் வலியை மறந்து மலர்ந்தார்.

டாக்டர் விடவில்லை. "இதுல வர்ற டாக்டர் யாரு? மறைக்காம சொல்லுங்க."

எழுத்தாளர் கண்ணை மூடித் திறந்தார். "நான்தான். என் அகந்தையைத்தான் கிழிச்சு வெச்சிருக்கேன். இந்தக் காலத்துல எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும், சொல்லுங்க?"

தன் கர்வத்தைப் பற்றி இவ்வளவு கர்வமாகப் பேசுகிறவரை டாக்டரம்மா அதுவரை பார்த்ததில்லை.

"புருவம்?" என்றார் டாக்டர்.

"எங்க அப்பாவோடது. ஏன் கேக்கறீங்க? நாம முன்னாடி எங்கயாவது பார்த்திருக்கோமா?"

"வேர் சிகிச்சைக்கு இங்கதான் வந்தீங்க."

"இங்கயா? இருக்கும் சார். யாரு பண்ணினாங்கன்னே ஞாபகம் இல்ல."

நல்ல பல்லைப் பிடுங்கியபோதும், கூட்டம் கரைந்தபோதும் அப்படி வாடாத டாக்டரின் முகம் அன்று வாடியது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல், உடைந்த ஓரத்தைச் சரிசெய்து அனுப்பினார்.

சாயங்காலம் கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் நடந்தார்கள்.  தெருத் திரும்பியதும், "அந்த ஆளுக்குக் கீழ் வரிசையில இன்னும் ரெண்டு பல்லு ஆடுது," என்றார்.

"சொன்னீங்களா?"

"கேக்கலையே. தானா திரும்பி வரட்டும்."

"நாளைக்குப் போன் பண்ணிச் சொல்றேன்," என்றாள் டாக்டரம்மா.  பையைத் தோள் மாற்றிக்கொண்டு, அவருக்குப் பின்னால் மெல்ல நடந்தாள்.