மாப்பிள்ளைக்கு வெட்டிய நேர்ப்பிடி

அண்ணனுக்குத் தோளில் அறுவை சிகிச்சை முடிந்ததும், ஆழ்கடல் படகில் எங்கள் கடைக்கென்று ஒதுக்கியிருந்த ஒரே ஓர் இடம் காலியானது. பெரிய சூரை மீன்களைத் தேடி மூன்று நாள் போகும் படகு. வருடத்துக்கு ஒரு தடவைதான் கிளம்பும். அதன் கேப்டன் வைத்திருக்கும் தூண்டில் ராடுகள் எல்லாம் எங்கள் கடையில் கட்டியவை. அந்த மரியாதைக்காகத்தான் அந்த இடம். ஒவ்வொரு வருடமும் அண்ணன் போவார். கையில் கொப்புளமும் வாயில் கதையுமாகத் திரும்புவார். மீன் மட்டும் எப்போதும் கடைசி நிமிஷத்தில் அறுத்துக்கொண்டு போயிருக்கும்.

இந்தத் தடவை நான் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுதும்போது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. அன்று வாயில் வரவில்லை. பதினெட்டு வருடமாகக் கடையின் பின்னறையில் ராடுகளுக்கு அடிப்பிடி பொருத்துகிறேன். பெரிய மீன் இழுக்கும் இழுப்பை, உடைந்து திரும்பி வரும் ராடுகளைப் பார்த்துத்தான் அறிந்திருக்கிறேன். ஹோட்டலில் என்ன வேண்டும் என்று கேட்டால்கூட, "நீங்க சொல்றதையே எனக்கும் சொல்லிடுங்க" என்பவள் நான். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரிந்துவிடக் கூடாது என்கிற பயமாகவும் இருக்கலாம்.

"மாப்பிள்ளை போகட்டும்," என்றார் அண்ணன், கையைத் தொட்டில்போலத் தாங்கியிருந்த துணியைச் சரிசெய்தபடி.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். முப்பதாவது மாடியில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கக்கூடியவர். ஆனால் தண்ணீர் ஆடினால் போதும், ஆள் காலி. ஒரு தடவை ஏரியில் படகு, கரையில் கட்டிப்போட்ட படகு, அதில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

"நானா மச்சான்?" என்றார், இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர் குரலில்.

"பின்னே நானா? அதுல என்ன, நின்னு இழுத்தா வந்துடும்."

"உங்களுக்கு வந்ததில்லையே மச்சான்."

"அது கடைசி நிமிஷத்துல..."

இவர் என்னைப் பார்த்தார். 'வேண்டாம்னு நீ சொல்லேன்' என்று அந்தப் பார்வை கெஞ்சியது. 'முடியாதுன்னு நீங்க சொல்லுங்களேன்' என்று நான் பார்த்தேன். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் இவ்வளவு தெளிவாக நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஆனால் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் இவருக்கு ராடு கட்ட வேண்டியிருந்தது. படகு அதற்கு அடுத்த நாள் காலையில். இவர் லீவு போட்டுவிட்டுப் பின்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, கேள்வி கேட்டே நேரத்தைக் கடத்தப் பார்த்தார்.

"இது ஏன் இப்படிக் கோணலா இருக்கு?"

"அது வளைபிடி. படகுல தரையோட ஆணி அடிச்ச நாற்காலி இருக்கும். அதுல உட்கார்ந்து இழுக்கிறவங்களுக்கு. ராடு தாழ்ந்து நிக்கும், நூல் கைக்கு எட்டும்."

"இந்த மொழுமொழுன்னு இருக்கிறது?"

"வழுக்குப்பிடி. மேல நுரை கிடையாது. ராடைச் சொருகி வெச்ச குழாயிலேருந்து சட்டுன்னு உருவலாம்."

"அப்போ இது?"

"நேர்ப்பிடி. நின்னுக்கிட்டு இழுக்க. இடுப்புப் பட்டையில ஒரு கிண்ணம் இருக்கும், அதுல ஊன்றணும். அடி மூடியில சிலுவை மாதிரி வெட்டு இருக்கு பாருங்க. அது கிண்ணத்துல இருக்கிற கம்பியில உட்கார்ந்துட்டா ராடு திரும்பாது."

"படுத்துக்கிட்டு இழுக்கிறதுக்கு ஏதாவது இருக்கா?"

படகில் எட்டுப் பேருக்கு ஒரே நாற்காலி என்பதால் நேர்ப்பிடி என்று முடிவு செய்தேன். வளைபிடி கம்பெனியிலிருந்து வந்த அளவிலேயே இருக்கும், அதை வெட்ட முடியாது. நேர்ப்பிடியை மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி வெட்டுவோம். பட்டைக்கும் நூல் சுற்றும் ரீலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூடினால் கை எட்டாது, குறைந்தால் முழங்கை விலாவில் இடிக்கும். அதற்குக் கடையில் இருந்தது ஒரே ஓர் அலுமினியக் குழாய். நான் ஒருபோதும் டேப் வைத்து அளப்பதில்லை. குழாயை இடுப்பில் ஊன்றி, கையை நீட்டி, விரல் படும் இடத்தில் கோடு போடுவேன். வந்தவர் என்னைவிட உயரமென்றால் நாலு விரல், குள்ளமென்றால் இரண்டு விரல் என்று கூட்டிக் குறைப்பேன். இதுவரை ஒன்றும் தப்பியதில்லை. கோடு போட்டேன், ரம்பத்தை எடுத்தேன், வெட்டினேன். ரம்பம் ஓடும்போது மனம் எங்கேயோ நீலமாக இருந்தது.

மூடியைப் பசை போட்டு ஒட்டுவதற்கு முன்னால் பரீட்சை உண்டு. ஈயக்குண்டு மூட்டையைக் கப்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதன் நூலை ராடில் மாட்டி இழுத்துப் பார்க்கச் சொல்வோம். அண்ணனும் அதைப் பார்க்க வந்திருந்தார். இவருக்குப் பட்டையை மாட்டிவிட்டேன். ராடை ஊன்றினார். ரீல் தொப்புளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"சுத்துங்க மாப்பிள்ளை!"

சுற்றினார். முழங்கை விலாவில் இடித்தது. கையைத் தூக்கிச் சுற்றினார். றெக்கை ஒடிந்த கோழி ஒற்றைப் பக்கமாகப் பறக்கப் பார்ப்பது போல இருந்தது. மூட்டை ஒரு சாண் ஏறி, அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இறங்கிவிட்டது.

"என்னம்மா இது, பொம்மை ராடா கட்டியிருக்கே?" என்றார் அண்ணன்.

அந்த நேரம் பார்த்து, அண்ணனின் மாத்திரையை எடுத்துக்கொண்டு அண்ணி உள்ளே வந்தாள். அண்ணி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். தெருவில் போகிறவர்களின் இடுப்பளவைக் கேட்காமலே சொல்வாள், அவர்கள் காதில் விழும்படியாகவும் சொல்வாள். ராடைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது இவருக்கு வெட்டினதில்லையே. உன் கை நீளத்துக்கு அச்சா இருக்கு."

"நாலு விரல் கூட்ட மறந்துட்டேன் அண்ணி," என்றேன்.

"பதினெட்டு வருஷமா மறக்காததா?"

மறதி என்று நானும் நம்பியிருந்தேன். அவள் கேட்ட பிறகுதான் தெரிந்தது, கோடு போட்ட நேரத்தில் என் நினைவில் வீட்டுக்காரரே இல்லை. கிண்ணம் என் இடுப்பில் இருந்தது, காலடியில் தரை ஆடிக்கொண்டிருந்தது.

"விடு விடு," என்றார் அண்ணன். "வேற குழாய் இல்லேன்னா என்ன? மாப்பிள்ளைக்கு வளைபிடி. கேப்டன்கிட்ட நான் சொல்லி நாற்காலியை வாங்கித் தரேன். முடிஞ்சுது."

மாட்டினோம். இவர் பழக்கதோஷத்தில் நின்றபடியே இழுக்க, வளைபிடி அப்படியே சுழன்று திரும்பி, ரீல் தலைகீழாகி, ராடின் நுனி அண்ணனின் மூக்குக்கு ஒரு விரல் தள்ளி விசிறிப் போனது.

"உட்கார்ந்து மாப்பிள்ளை, உட்கார்ந்து!"

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கால்களைச் சுவரில் உதைத்துக்கொண்டு சுற்றினார். மூட்டை ஏறியது. ஏறிக்கொண்டே போய்க் கப்பியை முட்டியது. அண்ணன் ஒற்றைக் கையால் தன் தொடையைத் தட்டினார். வேறு கை இல்லையே.

"பரவாயில்லையே," என்றார் இவர். மரியாதைக்குச் சொன்ன வார்த்தைதான், எனக்குத் தெரியும். ஆனால் இந்த வீட்டில் மரியாதைக்குச் சொன்ன வார்த்தையாலேயே கல்யாணங்கள் முடிவாகியிருக்கின்றன.

"அப்போ நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"நான் போறேன்."

யார் பேசியது என்று ஒரு கணம் நானே திரும்பிப் பார்த்தேன்.

"எங்கே?" என்றார் அண்ணன்.

"படகுக்கு. எனக்குப் போகணும்."

"உனக்கா? எதுக்கு?"

கடமை, கடையின் பெயர், கேப்டனின் மரியாதை என்று எத்தனையோ காரணங்கள் வரிசையில் வந்து நின்றன. எதையும் எடுக்கவில்லை. "ஆசையா இருக்குண்ணே," என்றேன். அதைவிடச் சின்னக் காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இவர் ஸ்டூலிலிருந்து எழுந்த வேகத்தில் மூட்டை தொப்பென்று கீழே விழுந்தது.

"அதான் சரி மச்சான்! அவ போகட்டும்! அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்! நான் எங்கே... எனக்கு ஒரு லிஃப்ட் வேற மாட்டிக்கிட்டு நிக்குது."

"லீவுன்னு சொன்னீங்க?" என்றாள் அண்ணி.

"லிஃப்டுக்குத் தெரியுமா நான் லீவுன்னு?"

அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நூறு கிலோ இழுக்கும்மா," என்றார் மெல்ல. "ஒரு தடவை என்னையே விளிம்பு வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு. நான்தான் நூலை அறுத்து விட்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் அறுத்து விட்டேன்."

அண்ணி மாத்திரையையும் தண்ணீரையும் அவர் கையில் கொடுத்தாள். "இதைப் போட்டுக்கோங்க," என்றாள். "அப்புறம் கேப்டனுக்குப் போன் பண்ணுங்க."

அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கேட்டார்: "வளைபிடியையாவது எடுத்துக்கிட்டுப் போயேன். நாற்காலியில உட்கார்ந்தா முதுகுக்கு ஒரு சாய்மானம்."

"வேண்டாம்ணே. இதுதான்."

வெட்டிய குழாயை எடுத்தேன். பட்டையை மாட்டிக்கொண்டு ஊன்றினேன். கை நீட்டாமலே ரீல் வந்து கையில் உட்கார்ந்தது. மூடிக்குள் பசையைத் தடவி, சிலுவை வெட்டு ரீலுக்கு நேராக வரும்படி திருப்பி, அழுத்திப் பிடித்தேன். பசை பிடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் அசைந்தால் கோணலாகிவிடும்.

"எத்தனை வாந்தி மாத்திரை வைக்கட்டும்?" என்று இவர் வாசலில் செருப்பை மாட்டியபடி கேட்டார். என் பையைக் கட்ட அவ்வளவு அவசரம்.

"எனக்கு வாந்தி வராதுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றேன், கையை அசைக்காமல்.